சர்க்கரைச் சட்டை போட்ட திருடன்!

தலைப்பில் 'சர்க்கரை' என்று பார்த்ததும், வெறும் வயிற்றில் எவ்வளவு இருக்கணும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு இருக்கணும் என்று தேட ஆரம்பித்துவிட்டீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இது அந்தச் சர்க்கரை இல்லை. காபியில் போடுகிற சர்க்கரையும் இல்லை. உங்கள் உடம்பில் இருக்கும் ஒவ்வொரு செல்லும் மேலே போர்த்திக்கொண்டிருக்கிறதே, அந்தச் சர்க்கரை!

ரம்புட்டான் பழம் பார்த்திருப்பீர்கள். மேல்தோல் முழுக்க மயிர் மயிராக நீட்டிக்கொண்டிருக்கும். நம்முடைய செல்லை எடுத்து ரொம்பவும் பெரிதாக்கிப் பார்க்க முடிந்தால் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். அந்த மயிர்களில் பல, சர்க்கரைச் சங்கிலிகள். அவற்றின் நுனியில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது 'சியாலிக் அமிலம்' என்கிற ஒரு விசேஷ சர்க்கரை. 1936-ல் ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி குன்னர் பிளிக்ஸ், மாட்டின் உமிழ்நீர் சுரப்பியிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். கிரேக்க மொழியில் எச்சிலுக்கு உள்ள சொல்லிலிருந்து பெயர் வந்தது. 'எச்சில் அமிலம்' என்று தமிழ்ப்படுத்தினால் முகம் சுளிப்பீர்கள். சியாலிக் அமிலம் என்றே வைத்துக்கொள்வோம்.

இதை உடம்பே தயாரித்துக்கொள்கிறது. ஜிலேபி சாப்பிட்டால் கூடும், ஸ்வீட்டை நிறுத்தினால் குறையும் என்கிற கணக்கெல்லாம் இங்கே கிடையாது.

சரி, நுனியில் உட்கார்ந்து என்ன வேலை செய்கிறது? அடையாள அட்டை வேலை!

நம் ரத்தத்தில் சுற்றுகிற வெள்ளை அணுக்கள் லேசுப்பட்டவை அல்ல. கிருமியைக் கண்டால் விழுங்கும், விஷம் கக்கும், துளை போடும். இவ்வளவு ஆயுதம் வைத்திருக்கும் காவலாளி, ஆள் தெரியாமல் வீட்டுக்காரரையே அடித்துவிட்டால்? அதனால்தான் வெள்ளை அணுக்களின் மேல் 'சிக்லெக்' என்ற ரிசப்டர்கள் இருக்கின்றன. சியாலிக் அமிலத்தைத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடிக்கிற விரல்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். மனிதர்களுக்குச் சுமார் 15 வகை உண்டு. 1998-ல்தான் இந்தக் குடும்பத்துக்கே பொதுப் பெயர் வைத்தார்கள். சர்க்கரை விரலில் பட்டதும், 'நம்ம ஆளுதான், விட்டுடு' என்று உள்ளே ஒரு சிக்னல் போகும். வெள்ளை அணுவின் வேகம் குறையும். எல்லா சிக்லெக்கும் பிரேக் இல்லை; ஆனால் பெரும்பாலானவை பிரேக்தான். காவலாளி பார்க்கிற ஒரே அடையாளமும் இது இல்லை. முக்கியமான அடையாளங்களில் ஒன்று.

பிரேக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ஆன்டிபாடி தயாரிக்கும் அணுக்களில் இரண்டு வகை சிக்லெக்கைச் சேர்த்து நீக்கியபோது, அந்த எலிகளுக்கு வயதாக ஆக, சொந்த உடம்பையே தாக்குகிற வியாதி வந்தது.

சட்டையில் ஒரு பட்டன் மாறினால்கூட நம் உடம்பு கண்டுபிடித்துவிடும். வேலூர் சி.எம்.சி.யில் மருத்துவம் படித்து அமெரிக்கா போனவர் டாக்டர் அஜித் வர்க்கி. 1984-ல் அங்கே ஒரு நோயாளிக்கு, எலும்பு மஜ்ஜை ரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்ட வியாதிக்காக, குதிரை சீரம் கொடுத்தார். நோயாளிக்கு ஒவ்வாமல் போயிற்று. குதிரையின் சியாலிக் அமிலத்தில் ஒரு வகைக்கு, நம்முடையதைவிட ஒரே ஒரு ஆக்சிஜன் அணு கூடுதல். அதை 'வெளியாள்' என்று நம் உடம்பு எதிர்த்ததும் ஒவ்வாமைக்கு ஒரு காரணம். சிம்பன்சிக்குக்கூட அந்த வகை இருக்கிறது; மனிதனுக்கு அதைத் தயாரிக்கும் மரபணு இருபது, முப்பது லட்சம் வருஷங்களுக்கு முன்பே பழுதாகிவிட்டது என்பதை அவருடைய குழு பின்னால் கண்டுபிடித்தது. சிக்லெக் ஆராய்ச்சியிலும் முன்னணியில் இருப்பவர் அவர்.

இவ்வளவு உஷாரான காவலாளியை ஏமாற்ற ஒரு வழி, அதே சட்டையைத் தைத்துப் போட்டுக்கொள்வது. அதைத்தான் சில கிருமிகள் செய்கின்றன.

பிரசவ அறையில் ஒரு திருடன்

'குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்' என்று ஒரு பாக்டீரியா. ஆரோக்கியமான பெண்கள் பலருக்குக் குடலிலும் பிறப்புறுப்பிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். தாய்க்கு ஒரு தொந்தரவும் இருக்காது. அவர் சுத்தமில்லாதவர் என்றும் அர்த்தமில்லை. பிரசவத்தின்போது இது குழந்தைக்குத் தொற்றலாம். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சில குழந்தைகளுக்கு, பிறந்த முதல் வாரத்திலேயே ரத்தத்தில் கிருமி, நிமோனியா, மூளைக்காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகிவிடுகிறது.

இதன் மேலுறையின் நுனியில் இருப்பது அச்சு அசலாக நம்முடைய சியாலிக் அமிலம். கிருமியைப் பிடிக்க ஓடி வருகிற வெள்ளை அணுவின் மேல் 'சிக்லெக்-9' இருக்கிறது. திருடனே போய் அந்த பிரேக்கை அழுத்திவிடுகிறான் என்று 2009-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். காவலாளி சல்யூட் அடித்து உள்ளே விடுகிறார்!

நல்லவேளை, சட்டை எதுவானாலும் பென்சிலினுக்கு இவன் பயப்படுவான். அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு 36, 37-வது வாரத்தில் பஞ்சுக்குச்சியால் துடைத்து டெஸ்ட் செய்கிறார்கள். கிருமி இருந்தால் பிரசவ வலி ஆரம்பித்ததும் ஊசி வழியாக பென்சிலின். முன்கூட்டியே மாத்திரை விழுங்கிப் பயனில்லை. பிரசவத்துக்குள் கிருமி திரும்ப வந்துவிடும். நம் ஊரில் இந்த டெஸ்ட் எல்லாருக்கும் வழக்கமாக நடப்பதில்லை. ஆகவே முந்தைய குழந்தைக்கு இந்தத் தொற்று வந்திருந்தாலோ, குறைமாதத்தில் வலி வந்தாலோ, பனிக்குடம் உடைந்து வெகுநேரம் ஆகியிருந்தாலோ, வலியின்போது காய்ச்சல் இருந்தாலோ டாக்டரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.

பிறந்த குழந்தை பால் குடிக்க மறுத்தால், துவண்டு கிடந்தால், முனகி முனகி மூச்சு வாங்கினால், உடம்பு சுட்டாலோ சில்லிட்டுப் போனாலோ, 'காலையில் பார்த்துக்கலாம்' என்று இருக்காதீர்கள். 'சீர் தட்டியிருக்கு' என்று மந்திரிக்க அழைத்துப்போய் நேரத்தை வீணாக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள்.

உள்ளூர்த் திருடன்

புற்றுநோய் செல் வெளியிலிருந்து வருவதில்லை. நம் செல்லே கெட்டுப்போவது. சட்டை ஏற்கெனவே இருக்கிறது. பல வகைப் புற்றுநோய் செல்கள் போதாதென்று சியாலிக் அமிலத்தை இன்னும் கனமாகப் பூசிக்கொள்கின்றன. கொல்ல வருகிற வெள்ளை அணுக்கள், சிக்லெக்-7, சிக்லெக்-9 ஆகியவை அழுத்தப்பட்டு, கை கட்டி நின்றுவிடுகின்றன.

அப்படியானால் சட்டையைக் கழற்றிவிட்டால்? கரோலின் பெர்டோஸி என்ற விஞ்ஞானி அதைத்தான் யோசித்தார். 2022-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். (பரிசு, உயிருள்ள செல்லுக்குள் செய்யக்கூடிய ஒரு வகை ரசாயனத்துக்காக, அதை அவர் பயன்படுத்தியது இந்தச் சர்க்கரைகளைப் பார்க்கத்தான்.) புற்றுநோய் செல்லைத் தேடிப் போகும் ஆன்டிபாடியின் வாலில், சியாலிக் அமிலத்தை வெட்டுகிற ஒரு என்சைமை ஒட்டி அனுப்பினால், சோதனைக்கூடத்தில் வெள்ளை அணுக்கள் விழித்துக்கொள்கின்றன. இந்த மாதிரி மருந்துகள் மனிதர்களிடம் ஆரம்பக்கட்ட சோதனைக்கு வந்திருக்கின்றன. மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும் நிலை இன்னும் வரவில்லை. 'செல்லின் சர்க்கரைப் பூச்சை நீக்கும் பவுடர்' என்று யாராவது விற்க வந்தால், வாசலோடு அனுப்பிவிடுங்கள்!

பாட்டியின் மறதி

கடைசி இடம் மூளை. அங்கேயும் ஒரு வகை வெள்ளை அணு துப்புரவு வேலை பார்க்கிறது. அதன் மேல் இருக்கும் சிக்லெக்கின் பெயர் சிடி-33. அல்சைமர் என்கிற மறதி நோயில் 'அமிலாய்ட்' என்ற புரதக் கசடு மூளையில் படிகிறது. சிடி-33 என்ற பிரேக் பலமாக இருந்தால், துப்புரவு மந்தமாகிறது என்று 2013-ல் தெரியவந்தது. சிலருக்குப் பிறவியிலேயே சர்க்கரையைத் தொடும் பாகம் இல்லாத சிடி-33 அதிகம் உருவாகிறது. அவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு சற்றுக் குறைவு.

அந்தப் பாதுகாப்பு மாற்றம் சிம்பன்சியிடம் இல்லை. மனிதர்களிடம் மட்டும் ஏன்? பிள்ளை பெறும் வயது தாண்டிய பிறகும் பாட்டிகள் தெளிவாக இருந்து, பேரப்பிள்ளைகளைக் காப்பாற்றியதால் இது நிலைத்திருக்கலாம் என்று வர்க்கியின் குழு சொல்கிறது. நிரூபணமான விஷயம் இல்லை, ஒரு யூகம்தான். எனக்கு ரொம்பப் பிடித்த யூகம்!

'அப்போ எங்க அம்மாவுக்கு இந்த ஜீன் இருக்கான்னு டெஸ்ட் எடுக்கலாமா டாக்டர்?' என்று கேட்பீர்கள். வேண்டாம். அதன் பங்கு சிறியது. ரிசல்ட் எப்படி வந்தாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. அம்மாவுக்கு மறதி அதிகமாகிறது என்றால், முதலில் தைராய்டும் பி-12 வைட்டமினும் பாருங்கள். மனச்சோர்வு இருக்கிறதா, எந்தெந்த மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இவற்றால் வருகிற மறதியைப் பெரும்பாலும் சரிசெய்ய முடியும்.