பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன்

கடையைத் திறந்ததும் மாமா முதலில் கம்ப்யூட்டரை ஆன் செய்வார். பிறகு வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, ஊதுபத்தி ஏற்றி, ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் அடுக்கி முடிக்கும்போதுதான் திரையில் ஐகான்கள் முழுதாக வந்து நிற்கும். பேஜ்மேக்கர் திறக்க அதற்கு மேலும் நேரமாகும். 2012-இல் வாங்கிய மிஷின் அது. இன்டெல் ஐ3-2120 ப்ராசஸர், எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்.

"வயசாயிடுச்சு மாப்ளே, இனி புதுசுதான் வாங்கணும்ங்கிறாங்க" என்றார்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினேன். ப்ராசஸர் 7 சதவீதம். டிஸ்க் 100 சதவீதம். ப்ராசஸர் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்க, ஹார்ட் டிஸ்க் மட்டும் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. வயதானதால் மெதுவாகிவிட்டது என்ற பேச்சுதான் இந்த விஷயத்தில் முதல் தவறு. அன்று 3.3 கிகாஹெர்ட்ஸில் ஓடிய ப்ராசஸர் இன்றும் அதே வேகத்தில்தான் ஓடுகிறது. விசிறியில் தூசி அடைத்து அளவுக்கு மீறிச் சூடேறினால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியைத் தட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும். மாறியிருப்பது விண்டோஸும் பிரவுசரும். அவை இப்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளை ஓயாமல் கேட்கின்றன. ஹார்ட் டிஸ்க் திணறுவது அங்கேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி. தேடும் இடம் படிக்கும் முள்ளுக்கு அடியில் வர, சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும், அதாவது 4 மில்லிநொடிக்குச் சற்று மேல். முள்ளைச் சுமக்கும் கை சரியான தடத்துக்கு நகர இன்னும் ஏறக்குறைய 9. ஆக, ஒரு இடத்தைத் தொட 13 மில்லிநொடி. ஒரு நொடியில் எழுபது, எண்பது இடங்களுக்கு மேல் அதனால் போக முடியாது. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. ஒரு இடத்தை எடுத்துக் கொடுக்க அதற்கு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு போதும். பல கேள்விகளை ஒரே நேரத்தில் வாங்கிக்கொண்டால் நொடிக்குப் பல ஆயிரம் இடங்களைப் படித்துவிடும்.

இந்தக் கணக்கு மனதில் பதிந்தால், கடைகளில் அடிக்கடி கேட்கும் இன்னொரு பேச்சுக்கும் பதில் கிடைத்துவிடும். "உங்க போர்டுல சாட்டா 2தான் சார். அதுல எஸ்எஸ்டி போடுறது தண்டம்." முதல் பாதி உண்மை. எச்61 சிப்செட்டில் இருப்பது நொடிக்கு 3 கிகாபிட் சாட்டா மட்டும். நடைமுறையில் 300 மெகாபைட்டுக்கு மேல் போகாது. எஸ்எஸ்டியோ 500-க்கு மேல் தரக்கூடியது. ஆனால் அந்த 500 தேவைப்படுவது ஒரு பெரிய சினிமாக் கோப்பை அப்படியே காப்பி செய்யும்போதுதான். விண்டோஸ் ஏறுவதும் பேஜ்மேக்கர் திறப்பதும் எழுத்துருக்களைத் தேடி எடுப்பதும் சின்னச் சின்னத் துண்டுகளாக நடக்கிற வேலை. அங்கே குழாயின் அகலத்தை விடக் குழாயைத் திறக்க ஆகும் நேரம்தான் முக்கியம். பெரிய கோப்பிலும்கூட நஷ்டம் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க் 100, 120 மெகாபைட்டைத் தாண்டாத இடத்தில் எஸ்எஸ்டி 270 வரை கொடுக்கும்.

இதற்கு நேர் எதிரான ஆசையும் உண்டு: இருப்பதிலேயே வேகமான என்விஎம்இ வாங்கி மாட்டிவிடலாம் என்பது. அந்தக் காலத்து போர்டுகளில் அதற்கான எம்.2 ஸ்லாட்டே கிடையாது. அடாப்டர் கார்டில் செருகினாலும், பெரும்பாலும் பயாஸால் அதிலிருந்து பூட் செய்ய முடியாது. 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டிதான் இதற்குப் பொருந்தும். அளவு சிறியதாயிற்றே என்று கவலைப்பட வேண்டாம், பிராக்கெட் கிடைக்கும். உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லாததால் கேபினட்டுக்குள் எங்கே பொருத்தினாலும் தாங்கும். எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டியதில்லை.

மாமாவின் உண்மையான பயம் வேறு. "எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஏத்தணுமா? அந்தத் தமிழ் ஃபான்ட்டெல்லாம் இப்ப எங்கேயும் கிடைக்காது மாப்ளே." இது நியாயமான பயம். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களை நம்பித்தான் பாதி வேலை ஓடுகிறது. ஆனால் ஃபார்மட் போட்டே ஆக வேண்டும் என்பது உண்மையில்லை. பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்யலாம். சில எஸ்எஸ்டி நிறுவனங்கள் அதற்கான மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. 500 ஜிபி டிஸ்க்கை 240 ஜிபிக்கு மாற்ற முடியுமா என்றால், நிரம்பியிருக்கும் அளவுதான் கணக்கு. மாமாவின் டிஸ்க்கில் இருந்தது 140 ஜிபி. குளோன் முடிந்ததும் பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்து முதல் தடவை ஆன் செய்ய வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் எதிலிருந்து பூட் ஆனது என்ற குழப்பம் வரும்.

எக்ஸ்பி காலத்தில் பிரித்த டிஸ்க்கைக் குளோன் செய்பவர்கள் மட்டும் ஒன்றைப் பார்க்க வேண்டும். எக்ஸ்பி முதல் பார்ட்டிஷனை 63-வது செக்டரில், அதாவது 32,256-வது பைட்டில் தொடங்கும். அது 4096-ஆல் மீதமின்றி வகுபடாது. அதனால் எஸ்எஸ்டியில் ஒவ்வொரு தடவை எழுதும்போதும் இரண்டு பக்கங்களில் கால் வைக்க நேரும். விஸ்டா முதல் 1,048,576-இல் தொடங்குவதால் இந்தத் தொல்லை இல்லை.

எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் காலையில் போன் வந்தது. "நீலக் கலர்ல வந்து நிக்குது மாப்ளே. எஸ்எஸ்டி போயிடுச்சாம், பக்கத்துக் கடைத் தம்பி சொல்றான்." போய்ப் பார்த்தேன். பயாஸில் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. எஸ்எஸ்டி மாட்டியபோது நான் சாட்டா மோடை ஐடிஇ-யிலிருந்து ஏஎச்சிஐ-க்கு மாற்றியிருந்தேன். ஏஎச்சிஐ-யில்தான் ஒரே நேரத்தில் 32 கட்டளைகள் வரை வரிசையில் நிற்க முடியும். மாமா இரவில் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவார். போர்டில் இருந்த சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்திருந்ததால், பயாஸ் எல்லாவற்றையும் மறந்து ஐடிஇ-க்குத் திரும்பிவிட்டது. விண்டோஸால் தன் டிஸ்க்கையே அடையாளம் காண முடியவில்லை. பேட்டரியை மாற்றி, ஏஎச்சிஐ-யை மறுபடி வைத்ததும் எழுந்துவிட்டது. பத்து வருடம் தாண்டிய மிஷினில் எஸ்எஸ்டி போடுகிறவர்கள் அந்தப் பேட்டரியையும் அன்றே மாற்றிவிடுங்கள். எத்தனையோ நல்ல எஸ்எஸ்டிகள் இப்படித்தான் கெட்ட பெயர் வாங்குகின்றன.

எழுத எழுதத் தேய்ந்து சீக்கிரம் போய்விடும் என்பதும் பாதி உண்மைதான். ஃபிளாஷ் தேயும். ஆனால் எவ்வளவு? 240 ஜிபி க்ரூஷியல் பிஎக்ஸ்500-க்கு நிறுவனம் சொல்லும் அளவு 80 டெராபைட். 250 ஜிபி சாம்சங் 870 ஈவோவுக்கு 150. தினமும் 20 ஜிபி எழுதினாலும் 80 டெராபைட் தீர 4000 நாள், அதாவது 11 வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரு டிடிபி கடையில் 20 ஜிபியே அதிகம். டிஃப்ராக் மட்டும் வேண்டாம். சிதறிய துண்டுகளைச் சேர்ப்பதால் இதில் பயன் இல்லை, தேய்மானம்தான் மிச்சம். விண்டோஸ் 8-க்குப் பின் வந்தவை எஸ்எஸ்டியைத் தாமே அடையாளம் கண்டு, அழித்த கோப்புகளின் இடம் காலி என்று சொல்லும் ட்ரிம் கட்டளையை அதற்கு அனுப்பிக்கொள்ளும்.

எஸ்எஸ்டியால் ஆகாதவற்றையும் சொல்ல வேண்டும். வீடியோ ரெண்டர் ஆகும் நேரம் குறையாது, அது ப்ராசஸரின் வேலை. இன்டர்நெட் வேகமும் கூடாது. ராமுக்கு மாற்றாகவும் ஆகாது, ஏனென்றால் எஸ்எஸ்டியை விட ராம் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சீக்கிரம் பதில் தரும். பிரவுசரில் இருபது பக்கம் திறந்து வைப்பவர்களுக்கு 4 ஜிபி போதாது. மாமாவுக்கும் இன்னொரு 4 ஜிபி போட்டோம். விண்டோஸ் 11-க்கும் இது வழியல்ல. அதற்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் பேஜ்மேக்கர் மிஷினில் நெட்டைத் துண்டித்துவிட்டோம். ஆன்லைன் வேலைக்கு லினக்ஸ் மிண்ட் ஏற்றிய இன்னொரு பழைய சிபியு இருக்கிறது.

கடைசியாக, நான் மிகவும் அஞ்சும் நம்பிக்கை: எஸ்எஸ்டியில் போட்டால் பத்திரம். ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் பல நேரம் கடகடவென்று சத்தம் கொடுக்கும். எஸ்எஸ்டி அப்படி எச்சரிக்காமலே போகலாம். ட்ரிம் ஓடிய பிறகு, அழித்த கோப்பை மீட்பதும் அநேகமாக நடக்காத காரியம். அலமாரியில் ஒரு வருடம் சும்மா வைத்தால் எஸ்எஸ்டி அழிந்துவிடும் என்கிறார்களே, அந்த ஒரு வருடக் கணக்கு எழுத்து ஆயுளை முழுதும் தீர்த்துவிட்டு 30 டிகிரியில் வைத்த டிஸ்க்குக்கான அளவுகோல், புதியதற்கு அல்ல. ஆனாலும் அலமாரியில் வைக்க நான் ஹார்ட் டிஸ்க்கைத்தான் நம்புவேன்.

மாமாவின் பழைய 500 ஜிபியைச் சோதித்தேன். பழுதான செக்டர் ஒன்றும் இல்லை. கேஸிங் வாங்கிப் போட்டு வீட்டில் வைத்தாயிற்று. சனிக்கிழமை இரவு மாமா அந்த வாரத்துப் பத்திரிகைகளைப் பென் டிரைவில் கொண்டுவருவார். அக்கா அவற்றைத் தன் லேப்டாப் வழியாக அந்த டிஸ்க்கில் ஏற்றிவிட்டு, மறுபடி துணியில் சுற்றிப் பீரோவின் மேல்தட்டில் வைப்பாள்.