சிவப்பு விளக்கும் நீதிமன்றத் தவணையும்

குயின்ஸ்,
2025 அக்டோபர் 30

அன்பு மகனுக்கு,

நியூயோர்க் நகரத்தில் ஈ-பைக் ஓட்டுகிறவர் சிவப்பு விளக்கைத் தாண்டிப் பிடிபட்டால், இந்த வருடம் ஏப்ரல் வரை அது பெரும்பாலும் தண்டப்பணத்தோடு முடிகிற விஷயம். ஏப்ரல் 28 முதல் நகரப் பொலிசார் அதே பிழைக்குக் குற்றவியல் நீதிமன்ற அழைப்பாணை கொடுக்கிறார்கள். சிவப்பு விளக்கு, நிறுத்தற் பலகை, ஒருவழி வீதியில் எதிர்த்திசை, அபாயகரமாக ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல் எல்லாம் இந்த வகைக்குள் வந்துவிட்டன. போதாததற்கு, அக்டோபர் 24 முதல் ஈ-பைக்குகளுக்கு மணிக்கு 15 மைல் என்ற வேகக் கட்டுப்பாடும் நடைமுறைக்கு வந்திருக்கிறது. 20 மைலும் 25 மைலும் போகக்கூடிய வண்டிகளை வைத்திருப்பவர்கள் இனி கைப்பிடியை முழுதாகத் திருக முடியாது.

தண்டச் சீட்டும் அழைப்பாணையும் பார்வைக்கு ஒரே மாதிரியான தாள்கள். பலர் ஏமாறுவது இதில்தான். அதே சந்தியில் அதே விளக்கைத் தாண்டும் கார் சாரதி, வீட்டிலிருந்தபடியே இணையத்தில் பணத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம். ஈ-பைக் ஓட்டி, தாளில் எழுதப்பட்ட தேதியில் நீதிமன்றத்துக்கு நேரில் போக வேண்டும். சைக்கிளுக்கு அனுமதிப்பத்திரம் இல்லை, பறிப்பதற்கு ஒன்றும் இல்லாதவர் தண்டச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடலாம், அதனால்தான் அழைப்பாணை என்று பொலிஸ் தரப்பு காரணம் சொல்கிறது. நடைபாதையில் ஈ-பைக் மோதி வயதானவர்கள் காயப்பட்டதும் இறந்ததும் உண்டு. அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் இந்த நகரத்தில் பாதசாரிகளைக் கொல்பவை மிகப் பெரும்பாலும் கார்களும் லொறிகளும்தான். அவற்றை ஓட்டுபவர்களுக்குத் தபாலில் தீர்கிற பிழை, சாப்பாடு கொண்டு போகிறவரை மட்டும் நீதிமன்றப் படியேற வைக்கிறது.

அந்தத் தவணைக்குப் போகாவிட்டால் நீதவான் பிடியாணை பிறப்பிப்பார். பிடியாணை வீடு தேடி வராமல் கணினியில் கிடக்கும். அடுத்த முறை ஏதோ ஒரு சின்னக் காரணத்துக்கு மறிக்கப்படும்போது அது வெளியே வரும். அழைப்பாணை கொடுக்கும்போது கைரேகை எடுப்பதில்லை. கைது செய்தால் எடுக்கலாம். எடுத்த கைரேகை எஃப்.பி.ஐ.க்குப் போகும், அங்கிருந்து உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்துக்குப் போகும். நகரப் பொலிசார் குடிவரவு அதிகாரிகளோடு சேர்ந்து இயங்கக் கூடாது என்று நியூயோர்க்கில் சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம்தான். கைரேகை போகிற வழியை அந்தச் சட்டம் அடைப்பதில்லை. புகலிடக் கோரிக்கைப் படிவத்திலே, அமெரிக்காவில் கைது செய்யப்பட்டதுண்டா, குற்றம் சாட்டப்பட்டதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கோரிக்கையின் பேரில் கிடைக்கும் வேலை அனுமதியைப் புதுப்பிக்கிற படிவமும் கைது பற்றிக் கேட்கிறது. குடியுரிமை உள்ளவருக்கு ஒரு மத்தியானம் வீணாகிற விஷயம், புகலிட வழக்கு முடியாத ஒருவருக்கு வருடக்கணக்கான காத்திருப்பையே ஆட்டிவிடும்.

சின்ன மாமாவின் கொழும்புத் தவணை எப்படி முடிந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவர் செய்த பிழையும் பெரிதல்ல, சொல்லப்பட்ட தண்டமும் பெரிதல்ல. பஸ் இல்லை என்று அன்றைக்குப் போகாமல் விட்டார். அதற்குப் பிறகு நடந்தவற்றை இங்கே எழுதத் தேவையில்லை. தவணையை விடுவது குற்றத்தை விடப் பெரிய குற்றமாக எழுதப்படும். எந்த நாட்டு நீதிமன்றமும் இதில் ஒன்றுதான்.

இந்த வருடம் போகப் பயப்படுவதற்குப் புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. மன்ஹாட்டனில் 26 ஃபெடரல் பிளாசாவில், குடிவரவு வழக்குக்கு வந்தவர்களை நீதிமன்றத் தாழ்வாரத்திலேயே வைத்துப் பிடித்துக் கொண்டு போன படங்கள் எல்லோருடைய கைபேசிக்கும் வந்தன. அதைப் பார்த்தவர்கள் எந்த நீதிமன்றத்துக்கும் போக அஞ்சுகிறார்கள். அது மத்திய அரசின் குடிவரவு நீதிமன்றம். போக்குவரத்து அழைப்பாணையை விசாரிப்பது மாநிலத்தின் நீதிமன்றம். மாநில நீதிமன்றங்களுக்கு வருகிறவர்களையும் போகிறவர்களையும் நீதவான் ஒப்பமிட்ட ஆணை இல்லாமல் குடிவரவுக் காரணத்துக்காகக் கைது செய்யக் கூடாது என்று 2020 டிசம்பரில் நியூயோர்க் மாநிலம் சட்டம் இயற்றியது. மத்திய அரசு அதை எதிர்த்து இந்த ஜூனில் வழக்குப் போட்டிருக்கிறது. ஆனாலும் சட்டம் நடைமுறையில்தான் இருக்கிறது. பயம் நியாயமானது. பயந்து வீட்டில் இருந்தால் பிடியாணை நிச்சயம்.

ஈ-பைக் ஓட்டிகளின் மேல் பொலிஸ் பாய்வது இது முதல் தடவை அல்ல. 2017 அக்டோபரில் அப்போதைய மேயர் பில் டி பிளாசியோ அறிவித்து, 2018 ஜனவரியிலிருந்து கடுமையான நடவடிக்கை தொடங்கியது. கைப்பிடியைத் திருகினால் ஓடும் ஈ-பைக் அப்போது சட்டவிரோதம். தண்டம் 500 டொலர், வண்டியும் பறிமுதல். குயின்ஸிலும் மன்ஹாட்டனிலும் அப்போது பிடிபட்டவர்களில் நடுவயது தாண்டிய சீனத் தொழிலாளர்கள் ஏராளம். முழங்கால் வலியோடு மிதிக்க முடியாமல்தான் அவர்கள் மோட்டார் வண்டிக்கு மாறியிருந்தார்கள். 2019இல் மாநில சட்டசபை ஈ-பைக்கை அனுமதித்து நிறைவேற்றிய சட்டமூலத்தை அப்போதைய ஆளுநர் அண்ட்ரூ குவோமோ டிசம்பரில் நிராகரித்தார். மூன்று மாதத்தில் கோவிட் வந்தது. வீட்டை விட்டு வெளியே வர முடியாத நகரத்துக்குச் சாப்பாடு தேவைப்பட்டதும், 2020 மார்ச்சில் நடவடிக்கை நிறுத்தப்பட்டது, ஏப்ரலில் மாநில வரவுசெலவுத் திட்டத்தோடு ஈ-பைக் சட்டபூர்வமானது. தேவைப்படும்போது அத்தியாவசியத் தொழிலாளி, தேவை முடிந்ததும் தொல்லை என்ற அந்த நடத்தையை நேரில் பார்த்தவர்களுக்கு 2025 ஏப்ரல் அதிர்ச்சி தரவில்லை.

கோபம் பொலிசோடு நிற்கக் கூடாது. வேகத்தை உண்டாக்குவது உணவு விநியோக ஆப் நிறுவனம். எத்தனை நிமிடத்தில் சாப்பாடு சேரும் என்று வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுப்பது அது. தாமதமானால் ஓட்டியின் மதிப்பெண்ணைக் குறைப்பதும், ஒரு நாள் காலையில் கணக்கையே முடக்கிவிடுவதும் அதுதான். விளக்கில் நின்ற நேரம் அதன் கணக்கில் சோம்பல். அழைப்பாணையில் மட்டும் அதன் பெயர் இருக்காது. ஓட்டியின் பெயர்தான் இருக்கும், தவணைக்கு நிற்பதும் அவர்தான், அன்றைய கூலியை இழப்பதும் அவர்தான். வீதியில் நடக்கும் அவசரத்துக்குக் காரணமானவர் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்க, அதற்கான தண்டனை வண்டியின் மேல் இருப்பவருக்குப் போகிறது. இந்த அநியாயத்தைச் சொல்லாமல் வேகத்தைப் பற்றி மட்டும் அறிவுரை சொல்வது நேர்மையாகாது.

ஆனாலும் கூலிக் கணக்கு இப்போது கொஞ்சம் மாறியிருக்கிறது. குவாத்தமாலா, மெக்சிகோ நாட்டுத் தொழிலாளர்கள் முன்னின்று 2020இல் கட்டிய லோஸ் டெலிவரிஸ்தாஸ் உனிதோஸ் என்ற அமைப்பு, உணவகங்களின் கழிப்பறையைப் பயன்படுத்தும் உரிமையில் தொடங்கி அடிப்படைக் கூலி வரை போராடிப் பெற்றது. ஆப் நிறுவனங்கள் நீதிமன்றம் போய் இழுத்தடித்த பிறகு 2023 டிசம்பரில் மணிக்கு 17.96 டொலர் என்று நடைமுறைக்கு வந்த கூலி, 2025 ஏப்ரலில் 21.44 ஆனது, டிப்ஸ் இதற்கு வெளியே. கூலி நேரத்தை வைத்துக் கணக்கிடப்படும்போது, ஒரு விளக்கைத் தாண்டி மிச்சப்படுத்தும் நாற்பது வினாடியால் ஓட்டிக்குக் கிடைப்பது மிகக் கொஞ்சம். அந்த நாற்பது வினாடியின் இலாபம் நிறுவனத்துக்கு. எந்த நிறுவனத்துக்காகவும் சிவப்பு விளக்கைத் தாண்ட யாரும் கடமைப்பட்டவர் இல்லை.

மறிக்கப்பட்டால் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. அடையாள அட்டை எப்போதும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். ஆளை உறுதிசெய்ய முடியாவிட்டால் தாள் கொடுத்து அனுப்பாமல் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டு போகலாம். நகரம் 2015 முதல் கொடுக்கும் ஐ.டி.என்.ஒய்.சி. அடையாள அட்டைக்கு விசா நிலையைக் கேட்பதில்லை. அதற்கு இன்னும் விண்ணப்பிக்காமல் இருப்பது கவலைக்குரியது, போன பொங்கலிலிருந்து இதைச் சொல்லியாகிறது. தாளைக் கையில் வாங்கியதும் படம் எடுத்து இன்னொருவருக்கு அனுப்ப வேண்டும். பெயரின் எழுத்துக்களைச் சரிபார்க்க வேண்டும், நம்முடைய பெயர்களை அவர்கள் பிழையாக எழுதுவது வழக்கம். தேதியைச் சுவர்க் கலண்டரிலும் குறிக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் கேட்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று வழக்காடும் சட்டத்தரணி சொல்லியே ஆக வேண்டும் என 2010இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பதில்லா வழக்கில் தீர்த்திருக்கிறது. சிவப்பு விளக்கும் அபாயகரமாக ஓட்டுதலும் ஒன்றல்ல; இரண்டாவது பாரதூரமானது. நீதிமன்றத்தில் யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்று தலையாட்டிவிடக் கூடாது.

பற்றரி பற்றியும் ஒரு வார்த்தை. 2023இல் மட்டும் இந்த நகரத்தில் லித்தியம் பற்றரித் தீயில் 18 பேர் இறந்தார்கள். யூ.எல். பாதுகாப்புச் சான்று இல்லாத மலிவுப் பற்றரியை அறை வாசலில் போட்டு இரவு முழுதும் சார்ஜ் செய்வது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

ஈ-பைக்கில் தொடர்வதா, புகலிட வழக்கு முடியும் வரை இறங்கி நிற்பதா என்பது ஓட்டுகிறவர் தானே எடுக்க வேண்டிய முடிவு. வயது வந்த பிள்ளைக்கு அதை இன்னொருவர் தீர்மானிக்க முடியாது. தொடர்ந்தால் சொந்த நேரம், கையில் காசு, யாருக்கும் கட்டுப்படாத வேலை. கூடவே ஒவ்வொரு சந்தியிலும் ஒரு பொலிஸ்காரர், பனிக்காலம், வழுக்கும் பாலங்கள், தூங்காத ஓர் அம்மா. இறங்கினால் வருமானம் கொஞ்சம் குறையும். ஜக்சன் ஹைட்ஸில் பலசரக்குக் கடையில் ஆள் தேவை என்று பெரியம்மா விசாரித்து வைத்திருக்கிறார், வேலை அனுமதி இருந்தால் போதும், ஞாயிறு விடுமுறை. வழக்கு முடிந்த பிறகு எந்த வண்டியும் ஓட்டலாம். இரண்டையும் ஆறுதலாக யோசித்து, விரும்பியதைச் செய்யலாம்.

இதெல்லாம் குறை சொல்வதற்காக எழுதப்பட்டதல்ல. மழையிலும் பனியிலும் இந்த நகரத்துக்குச் சோறு சுமந்து, அந்தக் காசில் வல்வெட்டித்துறை வீட்டுக் கடனை அடைத்த பிள்ளையை நினைத்து இந்தக் குடும்பத்தில் பெருமைப்படாதவர் ஒருவரும் இல்லை. இருபத்துநான்கு வயதில் இதில் பாதியைக் கூட வேறு யாரும் செய்ததில்லை. பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை கணவாய்க் கறி வைக்கிறார். எத்தனை மணிக்கு வந்தாலும் சாப்பாடு எடுத்து வைக்கப்பட்டிருக்கும். கம்பளிக் கையுறையும் வாங்கி வைத்தாயிற்று. எந்தத் தாள் கிடைத்தாலும், என்ன பிழை நடந்திருந்தாலும், அன்றிரவே தொலைபேசியில் சொன்னால் போதும். தவணை நாளில் பெரியப்பா லீவு போட்டுவிட்டுக் கூட வருவார்.

அன்புடன்,
பெரியப்பா