ஆற்றுக்கும் ஒரு பங்கு
(அங்கத்தினர் கல்விப் பகுதி)

கூட்டுறவுச் சங்கத்தின் இலாபம் முழுவதையும் பங்காதாயமாகப் பிரித்துக்கொள்ளச் சட்டம் இடங்கொடுப்பதில்லை. ஒரு பகுதியைச் சேமநிதிக்கு ஒதுக்கிய பின்னரே எஞ்சியதைப் பங்கிடலாம். அங்கத்தினர் யாவரும் இதனை அறிவர். ஆற்று நீரைப் பங்கிடும்போதும் இவ்விதியை நாம் கைக்கொள்கிறோமா என்பதே இம்மாதப் பாடம்.

அடி அண்ணாமலையைச் சுற்றியுள்ள உழவர்கள் ஏரியையும் கிணற்றையும் நம்பியிருப்பவர்கள். ஆயினும், அருகிலுள்ள திருவண்ணாமலை நகரம் குடிநீருக்குத் தென்பெண்ணையாற்றின் சாத்தனூர் அணையை நம்பியிருக்கிறது. 1958ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட இவ்வணையின் முழு நீர்மட்டம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. இடது, வலது கால்வாய்களால் பாசனம் பெறும் நிலம் ஏறக்குறைய 45,000 ஏக்கர்.

இனி ஒரு சிறு கணக்கு. ஏக்கர் ஒன்றுக்கு 43,560 சதுர அடி. ஒருமுறை நிரம்பிய அணையின் நீர் முழுவதையும் அந்நிலத்தில் சமமாகப் பரப்பினால் சுமார் 3¾ அடி உயரம் நிற்கும். வெயிலில் ஆவியாவதும், கால்வாயில் கசிவதும், குடிநீருக்குச் செல்வதும் இதிற் கழியும். நீர் கட்டிப் பயிரிடும் நெல்லோ ஒரு போகத்திற்குச் சுமார் 4 அடி நீர் கேட்கும். மணிலாவுக்கு அதிற் பாதி போதும். கேழ்வரகுக்கு இன்னும் குறைவு. அனைவரும் நெல்லே பயிரிட்டால் கடைமடை காயும். ஆற்றுக்கோ ஒன்றும் மிஞ்சாது.

ஆற்றுக்கு எதற்கு நீர் என்று கேட்கலாம். ஆற்று மணல் நீரைப் பிடித்து வைக்கும் களஞ்சியமாகும். அணைக்குக் கீழே கரையோரக் கிணறுகள் ஊறுவது அதனாலேயே. கடலூர்ப் பக்கம் நன்னீரின் அழுத்தம் குறைந்தால் உப்புநீர் நிலத்தடியில் உட்புகும். 2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயலின்போது, சாத்தனூரிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி வரை திறக்கப்பட்டது. அது போதாதா என்பர் சிலர். அவ்வெள்ளம் சில நாட்களில் ஊர்களை அழித்துக் கடலிற் கலந்தது. ஆற்றுக்கு வேண்டுவது மாதந்தோறும் அளவாக ஓடும் நீர்.

தென்பெண்ணையின் துணையாறான மார்க்கண்டேய நதியில் கருநாடகம் அணை கட்டியதை எதிர்த்துத் தமிழ்நாடு 2018இல் உச்ச நீதிமன்றத்தை நாடியது. மேலே உள்ளவர் கீழே உள்ளவரின் உரிமையை மதிக்க வேண்டும் என்பதே நம் வாதம். அவ்வாதம் நேர்மையானதாயின், நமக்குக் கீழே உள்ளவர்க்கும் அது பொருந்தவேண்டும் அன்றோ?

நெசவாள அங்கத்தினர்க்கும் இதில் பங்குண்டு. நொய்யலாற்றில் பாசனத்திற்கென 1992இல் அமைந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவு தேங்கிப் பயனற்றுப்போனது. 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. உழவரின் வயலும் கெட்டது. தொழிலாளரின் வேலையும் நின்றது. நீரோட்டம் வற்றிய ஆறு கழிவைத் தாங்காது.

வழி இல்லாமல் இல்லை. கங்கையின் மேற்பகுதியில், வறண்ட மாதங்களில் சராசரி ஓட்டத்தில் நூற்றுக்கு இருபது பங்கு ஆற்றிலேயே ஓடவேண்டும் என 2018இல் மத்திய அரசு விதித்தது. நம் மாநிலத்திலும், பாசன நிர்வாகத்தில் உழவர்க்குப் பங்களிக்கும் சட்டம் 2001 முதல் உண்டு. நீரைப் பயன்படுத்துவோர் சங்கக் கூட்டங்களில், மதகு திறக்கும் முன்னரே ஆற்றின் பங்கை எழுதி வைக்குமாறு நாம் கேட்கலாம். பயிர்க்கடன் திட்டம் வகுக்கும்போது சிறுதானியத்திற்கும் மணிலாவுக்கும் உரிய இடம் தரலாம். ஆனால் நெல்லை விடுபவர் மட்டும் நட்டம் சுமப்பது நியாயமன்று. நெல்லுக்குள்ள கொள்முதல் வசதி மற்ற விளைபொருளுக்கும் கிடைக்கச் சங்கங்கள் முயலவேண்டும்.

சேமநிதி இல்லாத சங்கம் முதல் நெருக்கடியிலேயே முறியும். ஆற்றின் நிலையும் அதுவே.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்:

1. நம் ஊரில் எந்தப் பயிருக்கு எத்தனை அடி நீர் செலவாகிறது?

2. கடைமடை உழவர்க்குச் சென்ற ஆண்டு எத்தனை முறை நீர் எட்டியது?

3. நெல்லுக்கு மாற்றுப் பயிர் இடுபவருக்கு நம் சங்கம் என்ன உறுதி அளிக்க இயலும்?