யத்தீம் பேரப் பிள்ளைகளுக்கு வஸிய்யத் எழுதிவிட்டீர்களா?



சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி தன் தம்பியை என்னிடம் அனுப்பிக் கேட்டார்: "ஹஜ்ரத், பைக் விபத்தில் என் கணவர் மவ்த்தாகிவிட்டார். இப்போது மாமனாரும் மவ்த். என் இரண்டு பிள்ளைகளுக்கும் பாட்டனார் சொத்தில் பங்கு உண்டா?"

"இல்லை" என்று சொல்வதற்குள் என் நாக்கு வறண்டு போனது. ஏனெனில் அந்தப் பாட்டனாருக்கு வேறு இரண்டு மகன்கள் இருக்கிறார்கள். மகன் உயிரோடு இருக்கும்போது, முன்பே இறந்துபோன மகனின் பிள்ளைகள் வாரிசாக மாட்டார்கள். ஹனஃபி, ஷாஃபிஈ இரண்டு மத்ஹபுகளிலும் சட்டம் இதுதான். மகள் முந்தி இறந்திருந்தால், அவருடைய பிள்ளைகளின் நிலையும் இதுவே.

"அப்படியானால் மார்க்கம் யத்தீம்களைக் கைவிட்டுவிட்டதா?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை சகோதரர்களே! மார்க்கம் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. நாம்தான் அதன் வழியாகப் போகவில்லை. அந்தக் கதவின் பெயர் வஸிய்யத்.

வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லிவிட்டார்கள். மற்ற வாரிசுகள் சம்மதித்தால்தான் அது செல்லும். ஆனால் இந்தப் பேரப் பிள்ளைகள் வாரிசு இல்லையே! அதனால் அவர்களுக்கு வஸிய்யத் செய்ய யாருடைய சம்மதமும் தேவையில்லை. அளவு, கடன் போக உள்ள சொத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் அதைவிட அதிகம் கொடுக்க விரும்பியபோது, மூன்றில் ஒன்றே அதிகம்தான் என்று நபி (ஸல்) அவர்கள் நிறுத்திவிட்டார்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஒருவருக்குக் கடன் போக 90 லட்சம் ரூபாய் சொத்து. மனைவி, தாய், தந்தை யாரும் இல்லை. இரண்டு மகன்கள், ஒரு மகள். மூன்றாவது மகன் முன்பே மவ்த். அந்த மகன் இருந்திருந்தால் ஏழில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 25 லட்சத்து 71 ஆயிரம் கிடைத்திருக்கும். வஸிய்யத்தின் எல்லையோ 30 லட்சம். ஆக, தகப்பனின் பங்கு முழுவதையும் அந்தப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்க இடம் இருக்கிறது. எழுதாவிட்டால் ஒரு ரூபாய் கூட இல்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். பிள்ளைகளை விட்டுவிட்டு மகன் இறந்தால், அவன் சொத்தில் தகப்பனுக்கு ஆறில் ஒரு பங்கு உண்டு. அதை வாங்கிக்கொண்ட பாட்டனார், அதே மகனின் பிள்ளைகளுக்கு எதுவும் எழுதாமல் போவது நியாயமா?

எகிப்தில் 1946-இல் சட்டம் கொண்டுவந்து, இத்தகைய பேரப் பிள்ளைகளுக்கு வஸிய்யத்தைக் கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி நம் வாரிசுரிமை நடக்கிறது. ஆகவே பொறுப்பு பாட்டனார், பாட்டிமார்களின் கையில்தான் இருக்கிறது.

வாயால் சொன்ன வஸிய்யத்தும் செல்லும். ஆனால் நாளைக்கு யார் சாட்சி? எனவே எழுதுங்கள். யாருக்கு, எவ்வளவு என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். நீதமான இருவரைச் சாட்சியாக வையுங்கள். நிறைவேற்ற நம்பிக்கையான ஒருவரை நியமியுங்கள். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. பதிவு கட்டாயமில்லை என்றாலும், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டால் பிற்காலத்தில் தகராறு குறையும். மவ்த் வரும்வரை அதை மாற்றிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு.

சிறிய தகப்பன்மார்களே, பெரிய தகப்பன்மார்களே! உங்கள் அத்தா எழுதாமல் போயிருந்தால், உங்கள் பங்கிலிருந்து நீங்கள் கொடுக்கலாம். பாகம் பிரிக்கும் இடத்தில் உறவினர்களும் யத்தீம்களும் வந்தால் அவர்களுக்கும் கொடுக்கச் சொல்கிறது அந்நிஸா அத்தியாயம். நான் மேலே சொன்ன சகோதரியின் கொழுந்தன்மார் இருவரும் அதைத்தான் செய்தார்கள். ஒரு மனையை அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு எழுதிக் கொடுத்தார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக!

ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்படிச் சித்தப்பா, பெரியப்பா அமைவதில்லை. இன்று அஸருக்குள் ஒரு தாளை எடுத்து எழுதத் தொடங்குங்கள். யத்தீம்களின் ஹக்கைப் பேணுவோரில் அல்லாஹ் நம்மை ஆக்குவானாக! ஆமீன்.