கரையோரத்துக்கு மாற்றமா? வாடகையை அப்புறம் பாருங்கள்

1900இல் போயர் யுத்தக் கைதிகளை அடைத்துவைக்க வெள்ளைக்காரர்கள் முகாம் போட்ட நாளிலிருந்து தியத்தலாவை படைக்காரர்களின் ஊர்தான். இராணுவ அகடமியும் விமானப்படையின் பயிற்சி முகாமும் இன்றைக்கும் அங்கேதான் இருக்கின்றன. அந்தக் குளிரில் இரண்டு மூன்று வருடம் குடும்பத்தோடு இருந்தவருக்குத் திடீரென்று ஒருநாள் திருகோணமலை என்றோ கொழும்பு என்றோ கடிதம் வரும். படைக்கு மட்டுமல்ல, பொலிஸ், தாதி, தபால், ரயில்வே, ஆசிரியர் சேவை எல்லாவற்றிலும் இதே கதை.

தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிச் சிரமம் ஒன்று உண்டு. 1948இல் பறிபோன பிரஜாவுரிமை முழுதாகத் தீர்ந்தது 2003இல்தான். அதனால் பசறையிலோ ஹாலிஎலவிலோ இன்று அரசாங்க உத்தியோகம் பார்ப்பவர் பெரும்பாலும் அந்தக் குடும்பத்தில் முதல் ஆள். "மாற்றம் வந்தால் என்ன செய்வது சித்தப்பா?" என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஆகவே எல்லோரும் முதலில் வெள்ளவத்தை வாடகையை விசாரிக்கிறார்கள். விசாரிக்க வேண்டிய முதல் விஷயம் அதுவல்ல. உங்கள் மூத்த பிள்ளை எந்தத் தரத்தில் படிக்கிறது? அதுதான் முதல் கேள்வி.

பிள்ளை தரம் 10ஐத் தாண்டிவிட்டால் கொழும்புக்குக் கூட்டிப்போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. பதுளையும் மொனராகலையும் அந்தப் பதினாறில் உண்டு. கொழும்பும் கம்பஹாவும் காலியும் இல்லை. ஒரு மாணவர் எந்த மாவட்டம் என்பதை, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் எங்கே படித்தார் என்பதை வைத்துத்தான் பொதுவாக முடிவெடுக்கிறார்கள். பிறந்த ஊரையோ அப்பாவின் அடையாள அட்டையையோ யாரும் பார்ப்பதில்லை. பதுளையில் இருந்திருந்தால் மருத்துவத்துக்கோ பொறியியலுக்கோ போதுமாக இருந்திருக்கும் புள்ளி, கொழும்பு மாவட்டத்து வெட்டுப்புள்ளிக்கு முன் ஒன்றுமில்லாமல் போகலாம். கொழும்பில் நல்ல டியூஷன் கிடைக்கும், உண்மைதான். அந்த டியூஷனுக்கு வந்த பிள்ளைகள் எல்லோரும் அதே மாவட்டத்தில்தான் போட்டி போடுகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கலைப்பிரிவு மட்டும் விதிவிலக்கு. அங்கே பெரும்பாலும் அகில இலங்கைத் திறமைதான் கணக்கு என்பதால் மாவட்டம் பெரிதாகத் தடுக்காது.

இப்படிப் பெரிய பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நல்ல வழி, உத்தியோகக்காரர் தனியே போய் பரக்ஸிலோ போர்டிங்கிலோ தங்குவதும், குடும்பம் தோட்டத்திலிருந்து பதுளை டவுனுக்கோ பண்டாரவளைக்கோ இறங்குவதும்தான். டவுனில் சரஸ்வதிக் கல்லூரி இருக்கிறது, பண்டாரவளையில் தமிழ் மத்திய கல்லூரி இருக்கிறது. கொழும்பில் ஓர் அறைக்குக் கொடுக்கிற வாடகையில் இங்கே வீடே எடுக்கலாம். இதற்கு விலையும் உண்டு, அதை மறைக்கப் போவதில்லை. பதுளைக்கும் கொழும்புக்கும் ரயில் பாதை கிட்டத்தட்ட 290 கிலோமீட்டர், பயணம் ஒன்பது பத்து மணித்தியாலம். இரண்டு நாள் லீவில் ஒரு நாள் பெட்டியிலேயே கழியும். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகப் பாதையைச் சிதைத்த பிறகு, பயண வொரண்ட் கையில் இருந்தாலும் ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுத்தான் புறப்பட வேண்டும் என்றாகிவிட்டது. பெரகல, பலாங்கொடை, இரத்தினபுரி வழி பஸ்ஸையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளை என்றால் கதை வேறு. முதலாம் தரத்துக்கு அரசாங்கப் பாடசாலையில் இடம் எடுக்க, 'அருகில் வசிப்போர்' பிரிவுக்கே பாதி இடம். ஆனால் அதற்குப் பல வருட வாக்காளர் பதிவும் வீட்டுப் பத்திரமும் கேட்பார்கள். நேற்று வந்து அனெக்ஸ் எடுத்தவருக்கு அது எட்டாது. உங்களுக்கென்று சுற்றறிக்கையில் இருப்பது, சேவைத் தேவையின் பேரில் இடமாற்றம் பெற்ற உத்தியோகத்தர்களின் பிள்ளைகளுக்கான 4 வீதம். நீங்களே விண்ணப்பித்து வாங்கிய மாற்றம் என்றால் இந்தக் கதவு மூடிக்கொள்ளும். எனவே கடிதம் கைக்கு வந்ததும் அதில் எந்தக் காரணம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். தெளிவாக இல்லாவிட்டால் அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்குங்கள், பிறகு அலைவதில் பயனில்லை. படை, பொலிஸ் குடும்பங்களுக்குத் தனிச் சலுகையும் உண்டு. அந்தந்த ஆண்டுச் சுற்றறிக்கையை வாங்கி வாசிப்பது நல்லது. தரம் 4, 5இல் பிள்ளை இருந்தால் புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை இங்கேயே விடுங்கள். நல்ல புள்ளியோடு தரம் 6க்கு விண்ணப்பிப்பது, இடையில் போய்க் கெஞ்சுவதைவிட மரியாதையானது.

சரி, கொழும்புதான் என்று முடிவாகிவிட்டது. எந்தப் பகுதி? வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் தமிழ்ப் பாடசாலைகளுக்குக் கிட்ட: பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, இராமநாதன் இந்து மகளிர், சைவ மங்கையர். கோயில், சாப்பாட்டுக் கடை, புத்தகக்கடை எல்லாம் நடந்துபோகிற தூரம். ஆனால் வாடகை அதிகம். ஆறு மாதமோ ஒரு வருடமோ அட்வான்ஸ் கேட்பது அங்கே சர்வசாதாரணம். கான்ஸ்டபிள் சம்பளத்துக்கு அந்த அட்வான்ஸ் கடன் வாங்காமல் சேராது. வீடு பார்க்கப் போனால் பேச்சு இப்படிப் போகும்:

"தம்பிக்குச் சொந்த ஊர் எது?"

"பதுளை, அன்ரி."

"பதுளை டவுனா?"

டவுன் இல்லை, தோட்டம் என்றதும் அன்ரியின் முகம் கொஞ்சம் மாறும். அடுத்து, மச்சம் சமைப்பீங்களா, எத்தனை பேர், ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்குவாங்களா என்று கேள்விகள். எல்லா வீட்டுக்காரரும் இப்படியில்லை, ஆனால் இதற்குத் தயாராகப் போவது நல்லது. மின்சார மீற்றர் தனியா பொதுவா என்று மட்டும் மறக்காமல் கேளுங்கள். பதுளையில் ஃபேன் இல்லாமல் படுத்த குடும்பம் அங்கே இரவு முழுக்க ஃபேன் போடும். பொது மீற்றர் என்றால் மாதக் கடைசியில் சண்டை நிச்சயம்.

கொட்டாஞ்சேனை எனக்கு வெள்ளவத்தையைவிட மேலாகத் தெரிகிறது. நெரிசல், சத்தம் எல்லாம் உண்டு. ஆனாலும் மலையகத்து ஆட்கள் அங்கே பரம்பரையாக இருக்கிறார்கள், தோட்டம் என்ற சொல் யாருக்கும் புதிதல்ல, விவேகானந்தா கல்லூரியும் பக்கத்தில். வத்தளையில் வீடு பெரிதாகக் கிடைக்கும், ஆனால் பிள்ளையைக் காலையில் கொட்டாஞ்சேனைக்கு வானில் ஏற்ற வேண்டிவரும். வீட்டு வாடகையில் மிச்சம் பிடிப்பதை வான் வாடகை தின்னும். காலி, மாத்தறை பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளை சிங்கள மொழிமூலம் படிக்கிறது என்றால் போகலாம். தமிழ் மொழிமூலம் என்றால் தெரிவு மிகக் குறைவு.

குவார்ட்டர்ஸ் தருகிறார்கள் என்றால் இந்தக் கணக்கு எல்லாம் மாறிவிடும். சம்பளத்தில் சிறு பங்குதான் வெட்டுவார்கள். வரிசை நீளம் என்பதால் மாற்றக் கடிதம் வந்த வாரமே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

கிழக்குக் கரையை எங்கள் ஆட்கள் ஏனோ தண்டனைபோல் நினைக்கிறார்கள். எனக்கு அது புரிவதில்லை. பதுளையிலிருந்து பசறை, லுணுகலை, பிபிலை, மஹாஓயா வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் பாதை சுமார் 150 கிலோமீட்டர். அங்கிருந்து மட்டக்களப்பு எட்டிப்பிடிக்கும் தூரம். பசறைக்காரருக்குக் கொழும்பைவிட மட்டக்களப்புக் கடல்தான் கிட்ட. வாடகை கொழும்பைவிட எவ்வளவோ குறைவு. பாடசாலை, வைத்தியசாலை, கச்சேரி எல்லாம் தமிழில் நடக்கும். 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, புனித மிக்கேல், வின்சன்ட் மகளிர், சிவானந்தா என்று பேர்பெற்ற பாடசாலைகள். அதோடு மட்டக்களப்பும் திருகோணமலையும் அந்தப் பதினாறு மாவட்டங்களில் அடங்கும், ஆகவே பெரிய பிள்ளையைக் கூட்டிப்போனாலும் கொழும்பில் வருகிற அடி விழாது. உயர்தர வகுப்பின் நடுவில் மட்டும் மாற்றாதீர்கள். குறை என்றால் வெயில், டிசம்பர் மழையில் வெள்ளம், அதன்பின் நுளம்பு. வெலிமடைக் கரட்டும் லீக்ஸும் அங்கே விலை, மீனும் இறாலும் மலிவு.

திருகோணமலையின் கணக்கு கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் நடுவில். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாவால் வாடகை ஏறிக் கிடக்கிறது, டவுனுக்குள்ளேயே பாருங்கள். கோணேஸ்வரா இந்துக் கல்லூரியும் சண்முகா மகளிரும் அங்கேதான். ஊருக்கு வருவதுதான் பாடு. மகியங்கனை, பொலன்னறுவை, ஹபரணை என்று சுற்றி வர வேண்டும்.

எங்கே போனாலும் தோட்டத்தில் விட்டுப்போவதைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். மனைவி கொழுந்து எடுக்கிறவர் என்றால் அவருடைய சம்பளமும் சேமலாப நிதிக் கழிவும் அன்றோடு நிற்கும். சர்வீஸ் காசு (பணிக்கொடை) கிடைக்க ஐந்து வருடம் பூர்த்தியாக வேண்டும். நாலரை வருடத்தில் விலகினால் சட்டப்படி ஒன்றும் இல்லை, ஆறு மாதம் பொறுத்தால் ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். லயத்து அறை உங்கள் பெயரில் இல்லை. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற அறைக்கு உரிமை பேசுவது கஷ்டம். அப்பா அம்மா அங்கேயே இருந்தால் கவலையில்லை. தோட்டக் குடும்பங்களுக்கான 7 பேர்ச்சஸ் வீட்டுக் காணிக்குப் பெயர் கொடுத்திருந்தால் முகவரியை மாற்றுமுன் கிராம உத்தியோகத்தரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

என் தீர்ப்பைக் கேட்டால்: பெரிய பிள்ளை என்றால் குடும்பம் பதுளை டவுனில், சின்னப் பிள்ளையோடு கொழும்பு என்றால் கொட்டாஞ்சேனை. மூன்று இடம் எழுதச் சொல்லிப் படிவம் தந்தால், முதல் இடத்தில் மட்டக்களப்பு என்று எழுதுங்கள்.