ஃபார்மட் செய்யவா? – கேமரா மெமரி கார்டு கோளாறுகள்

– மூன்றாம் ஆண்டு ஈ.சி.இ. மாணவன்



ஆண்டு மலருக்கு என்ன எழுதுவது என்று கேட்டபோது, "கவிதை நிறைய வந்திருச்சு, நீ ஏதாவது டெக்னிக்கலா குடுப்பா" என்றார் சங்கச் செயலாளர். புத்தகத்தைப் பார்த்துப் படித்து நான் மறந்துபோனவை ஏராளம். ஆனால் நானே சொதப்பி, அவமானப்பட்டுக் கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. அது மறக்கவில்லை. அதையே எழுதுகிறேன்.

நம் ஒர்க்‌ஷாப்பில் 34 வருஷம் டர்னிங் சொல்லிக்கொடுத்த இன்ஸ்ட்ரக்டர் சார் சென்ற ஆண்டு ஓய்வு பெற்றார் அல்லவா? அன்றைக்கு டிபார்ட்மென்ட் கேமரா என் கழுத்தில்தான் தொங்கியது. காலையிலேயே 16 ஜி.பி. கார்டைக் காலி செய்து போட்டுக்கொண்டு போனேன். ஒன்பதரைக்கு சார் தன் மனைவியை ஒர்க்‌ஷாப்புக்குள் அழைத்துவந்து, தான் இத்தனை காலம் நின்ற லேத் பக்கத்தில் நிறுத்தினார். அந்த அம்மா உள்ளே வந்தது அதுதான் முதல் தடவையாம். "சட்டை பூரா ஆயில் ஆகுமே, அது இந்த மெஷின்லதானா?" என்று கேட்டு, சேலைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டு அதைத் தொட்டுப் பார்த்தார்கள். சார் சிரித்தார். அன்றைக்கு நான் எடுத்த முதல் படம் அது.

மதியம் ஒன்றரைக்குள் 212 படங்கள். பேட்டரி தீர்ந்துகொண்டிருந்தது. கார்டு எழுதும்போது எரிகிற குட்டி சிவப்பு விளக்கு இன்னும் மினுக்கிக்கொண்டு இருக்கும்போதே அவசரத்தில் பேட்டரி மூடியைத் திறந்துவிட்டேன். புது பேட்டரி போட்டு ஆன் செய்தால், கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மட் செய்யவா என்று திரையில் கேள்வி. வெளியே வெயிலில் குரூப் போட்டோவுக்கு மூன்று வரிசையாக எல்லோரும் நிற்கிறார்கள். பிரின்சிபால் வாட்சைப் பார்க்கிறார். பக்கத்தில் நின்ற நண்பன், "மச்சி, ஓ.கே. குடுடா, சரியாயிடும்" என்றான். கொடுத்தேன். இரண்டே விநாடி. கேமரா சமர்த்தாக வேலை செய்தது. 19 படங்கள் எடுத்தேன். படமெல்லாம் கேமராவுக்குள்ளே தனியாக எங்கேயோ இருக்கும், கார்டு மட்டும்தான் சரியாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் ஆண்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவனின் அறிவு அப்போது அவ்வளவுதான். சாயங்காலம் பார்த்தால் கார்டில் இருந்தது அந்த 19 மட்டுமே.

மறுநாள் ஒரு ஸ்டுடியோவில் காட்டினேன். "ஃபார்மட் ஆயிருச்சு தம்பி, போனது போனதுதான்" என்று சொல்லிவிட்டார்கள். நாமும் அப்படித்தானே நம்பிக்கொண்டு இருக்கிறோம்? உண்மையில் உள்ளே நடப்பது வேறு.

லைப்ரரியில் எந்தப் புத்தகம் எந்த ரேக்கில் இருக்கிறது என்று ஒரு ரெஜிஸ்டர் இருக்குமல்லவா? அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வெற்றுத்தாள் வைத்தால், ரெஜிஸ்டர்படி லைப்ரரி காலி. ஆனால் ரேக்கில் புத்தகங்கள் அப்படியே இருக்கும். கேமராவின் சாதாரண ஃபார்மட் செய்வது பெரும்பாலும் இதைத்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 16 ஜி.பி. கார்டில் இருப்பது ஃபேட்32 என்ற ஃபைல் சிஸ்டம். கார்டு முழுவதும் கிளஸ்டர் என்கிற சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். கட்டம் ஒன்று 32 கே.பி., அதாவது 32,768 பைட் என்று வைத்துக்கொண்டால் சுமார் 4,88,000 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும், இதற்கு அடுத்த கட்டம் எது என்று சொல்ல ஃபேட் அட்டவணையில் 4 பைட். ஆக அட்டவணையின் அளவு 2 எம்.பி.க்குச் சற்றுக் குறைவு. அதற்கு ஒரு நகலும் உண்டு. சேர்த்து 4 எம்.பி. என்று வையுங்கள். 16,000 எம்.பி. உள்ள கார்டில் ஃபார்மட் துடைப்பது இந்த 4 எம்.பி.யையும், ஃபைல் பெயர்கள் எழுதிய முதல் பக்கத்தையும்தான். படங்கள் இருக்கும் இடத்தை அது தொடுவதே இல்லை.

ஒரு படத்தை மட்டும் டெலீட் செய்தாலும் இதே கதைதான். பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் இ5 என்ற ஹெக்ஸ் எண் வந்து உட்காரும்; அந்தப் படத்தின் கட்டங்கள் காலி என்று அட்டவணையில் குறிக்கப்படும். அவ்வளவே. (சில கேமராக்களில் லோ லெவல் ஃபார்மட் என்று தனியாக ஒன்று இருக்கும். அது வேறு ஆசாமி, முழுக்கத் துடைத்துவிடும். படம் வேண்டுமென்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.)

பேட்டரியைப் பிடுங்கியதற்கு ஏன் மொத்தக் கார்டும் படுத்தது என்றும் கேட்கலாம். உள்ளே இருப்பது நாண்ட் ஃபிளாஷ். தோஷிபாவில் இருந்த ஃபுஜியோ மசுவோகா குழுவினர் 1987-ல் வெளியிட்ட அமைப்பு. நாம் இ.இ.பி.ராம் பாடத்தில் படித்த அதே மிதக்கும் கேட், அதே சிறைப்பட்ட எலக்ட்ரான்கள். இதில் எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பது மட்டும் பல பக்கங்கள் சேர்ந்த பெரிய பிளாக்காக. அட்டவணையில் நாலு பைட் மாற்ற வேண்டுமென்றாலும் கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் அதைச் சுற்றியுள்ளவற்றையும் இடம் மாற்றி எழுத நேரலாம். அந்தச் சமயத்தில் சப்ளை போனால், புது எழுத்தும் முழுதாக இருக்காது, பழைய அட்டவணையும் உருப்படியாக இருக்காது. சிவப்பு விளக்கு எரியும்போது மூடியைத் திறக்காதே என்று மேனுவலில் எழுதியிருப்பது இதற்காகத்தான்.

சரி, என் கதைக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் லேப் மேடத்திடம் போய் நின்றேன். கார்டை வாங்கிப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஃபார்மட்டுக்கு அப்புறம் இதுல படம் எடுத்தியா?" 19 என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "ஃபார்மட் பண்ணது தப்பே இல்லைப்பா. அதுக்கப்புறம் எடுத்தே பாரு, அதுதான் தப்பு. முதல்ல லாக்கைக் கீழே தள்ளு."

ரெஜிஸ்டரில் எல்லாக் கட்டமும் காலி என்று எழுதிவிட்டோம். கேமரா அடுத்த படத்தை எங்கே வைக்கும்? முதல் காலிக் கட்டத்தில். அதாவது, காலையில் எடுத்த முதல் படத்தின் தலைமேல்.

மேடம் கார்டை ரீடரில் செருகி, முதலில் முழுக் கார்டையும் ஒரே ஃபைலாக ஹார்ட் டிஸ்க்குக்கு நகல் எடுத்தார். வேலையெல்லாம் அந்த நகலில்தான். ஒரிஜினலை மறுபடி தொடவில்லை. அப்புறம் ஃபோட்டோரெக் என்ற மென்பொருள். கிறிஸ்டோஃப் கிரெனியே என்பவர் எழுதியது, இலவசம், சோர்ஸ் கோடும் திறந்தே கிடக்கிறது. இது ஃபேட் அட்டவணையைச் சட்டை செய்வதே இல்லை. கார்டை முதலிலிருந்து கடைசி வரை வாசித்துக்கொண்டே போகும். ஜேபெக் படம் எதுவானாலும் எஃப்எஃப், டி8, எஃப்எஃப் என்ற மூன்று பைட்டில்தான் தொடங்கும். அந்த அடையாளத்தைக் கண்டதும் இங்கே ஒரு படம் ஆரம்பம் என்று வெட்டி எடுத்துக் கொடுக்கும். ஃபைல் பெயர் போய்விடும், வெறும் எண்கள்தான் வரும். ஆனால் படம் எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருப்பதால் வரிசைப்படுத்திக்கொள்ளலாம். ஒரு எச்சரிக்கை: மீட்ட படங்களை அதே கார்டில் மட்டும் சேமித்துவிடக் கூடாது. பக்கெட்டில் மொண்ட தண்ணீரை அதே கிணற்றில் ஊற்றுகிற மாதிரி என்றுகூடச் சொல்ல முடியாது, அதைவிட மோசம். இன்னும் மீட்காத படங்களின் மேலேயே எழுதுவோம்.

192 படங்கள் வந்தன. மாலை மரியாதை, சார் கண் கலங்கியது, பிரியாணிப் பந்தி, எல்லாம் வந்தது. வராதவை முதல் 20. லேத் பக்கத்தில் அந்த அம்மா நின்ற படம் அதில் ஒன்று. வெயிலில் எடுத்த குரூப் போட்டோ அதன்மேல் உட்கார்ந்துவிட்டது. சாரிடம் போய்ச் சொன்னேன். "விடுப்பா, ஜாப் ஸ்கிராப் ஆகாம யாரு வேலை கத்துக்கிட்டா" என்றார். அவர் ஏதாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எல்லாக் கோளாறுக்கும் இவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. லேப்பில் பழுது பார்க்கும்போது முதலில் என்ன செய்கிறோம்? மாற்றிப் போட்டுப் பார்க்கிறோம். இங்கேயும் அதுதான். கேமராவை ஆஃப் செய்து கார்டை எடுத்து வேறு ரீடரில் போடுங்கள். படம் தெரிந்தால் கார்டு நல்லது, சந்தேகம் கேமரா ஸ்லாட் மேல். உடனே படங்களை நகல் எடுத்துவிட்டு அப்புறம் ஆராயுங்கள். கேமராவில் வேறு கார்டு போட்டாலும் தகராறு என்றால் ஸ்லாட்தான். கம்ப்யூட்டரும் ஃபார்மட் செய்யவா என்று கேட்கும். எத்தனை தடவை கேட்டாலும் வேண்டாம் என்றே சொல்லுங்கள்.

பல சமயம் வெறும் அழுக்குதான் காரணம். சாதாரண எஸ்.டி. கார்டின் பின்பக்கம் தங்கமுலாம் பூசிய 9 பட்டைகள் இருக்கும். கைப்பிசுக்கு ஒட்டினால் காண்டாக்ட் கிடைக்காது. பட்ஸில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு லேசாகத் துடைத்து, காயவிட்டுப் போடுங்கள். ராம் ஸ்டிக்கை ரப்பரால் தேய்க்கிற பழக்கத்தை இங்கே காட்ட வேண்டாம். முலாம் மெல்லியது, ரப்பர்த்தூள் ஸ்லாட்டுக்குள்ளும் போய்விடும். பழைய பெரிய கேமராக்களில் வரும் காம்பேக்ட் ஃபிளாஷ் என்றால் கேமராவுக்குள்ளே 50 ஊசிகள் உண்டு. கார்டைக் கோணலாக அழுத்தி ஒரு ஊசி வளைந்தால் போச்சு. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போடுவது நல்லது.

கார்டு லாக் ஆகியிருக்கிறது என்று வந்தால் இடதுபக்க ஓரத்தில் உள்ள குட்டி லீவரைப் பாருங்கள். இதில் ஒரு வேடிக்கை: அந்த லீவருக்கும் உள்ளே இருக்கும் சிப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஸ்லாட்டில் உள்ள சுவிட்சுதான் அந்தப் பள்ளம் மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறது. லீவர் உடைந்து விழுந்துவிட்டால் பள்ளம் திறந்தே இருக்கும், கேமரா எழுத மறுக்கும். ஒரு துண்டு செல்லோடேப் ஒட்டினால் தீர்ந்தது. ஆடியோ கேசட்டில் மேல் ஓரத்துப் பல்லை உடைத்துவிட்டு, மறுபடி பாட்டுப் பதிய டேப் ஒட்டுவார்களே, அதே தந்திரம். கேசட்டைப் பார்க்காதவர்கள் அப்பாவிடம் கேளுங்கள்.

அப்பாவின் பீரோவிலிருந்து பழைய பாக்கெட் கேமராவை எடுத்துவருவது இப்போது ஃபேஷன். அதில் புது கார்டைப் போட்டு, கேமரா ரிப்பேர் என்று முடிவு கட்டாதீர்கள். எஸ்.டி. என்பது 2 ஜி.பி. வரை. 2006-ல் வந்த எஸ்.டி.ஹெச்.சி. 32 ஜி.பி. வரை. 2009-ல் வந்த எஸ்.டி.எக்ஸ்.சி. 2 டி.பி. வரை, அதில் ஃபைல் சிஸ்டமும் எக்ஸ்ஃபேட். மூன்றும் ஒரே அளவு, 32க்கு 24 மில்லிமீட்டர். ஒரே பள்ளத்தில் நுழையும். புது கேமரா பழைய கார்டைப் படிக்கும், பழைய கேமரா புது கார்டைப் படிக்காது. பழைய ரீடருக்கும் இதே விதி.

கம்ப்யூட்டரில் ஃபைல் பெயரை மாற்றிவிட்டுத் திரும்பக் கார்டில் வைத்தால் கேமராவில் தெரியாமல் போகலாம். 1998-ல் வந்த டி.சி.எஃப். விதிப்படி டி.சி.ஐ.எம். ஃபோல்டருக்குள் 4 எழுத்து, 4 எண் என்ற பெயர்தான் கேமராவுக்குப் புரியும். "சார் ஃபேர்வெல்" என்றால் அது கண்டுகொள்ளாது. படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வீடியோ மட்டும் பாதியில் நின்றால் கார்டின் வேகம் போதவில்லை. கிளாஸ் 10 என்றால் விநாடிக்குக் குறைந்தது 10 எம்.பி., வி30 என்றால் 30.

போலிக் கார்டுதான் பெரிய திருட்டு. மேலே 128 ஜி.பி. என்று ஸ்டிக்கர், உள்ளே இருப்பது 8. கன்ட்ரோலரே பொய் சொல்லும்படி மாற்றியிருப்பார்கள். முதல் 8 ஜி.பி. வரை ஒழுங்காக இருக்கும். அதன்பின் ஃபைல் பெயரும் அளவும் தெரியும், திறந்தால் படம் வராது. வாங்கின அன்றே, காலியாக இருக்கும்போதே, எஃப்3 அல்லது ஹெச்2டெஸ்ட்டபிள்யூ போட்டுக் கார்டு முழுக்க எழுதித் திரும்ப வாசித்துப் பாருங்கள். நேரம் ஆகும், ஆகட்டும். 32 ஜி.பி. கார்டு 29 சொச்சம் காட்டினால் மட்டும் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவேண்டாம். அவர் கணக்கு ஆயிரம் ஆயிரமாக, கம்ப்யூட்டர் கணக்கு 1024 ஆக, இருவரும் சரிதான்.

இன்னொன்று, ஃபார்மட் அடித்தாலும், டெலீட் செய்தாலும், வெளியே எடுத்துப் போட்டால் பழைய படங்களே வந்து நிற்கும். பேய் பிசாசு இல்லை. ஆயுள் முடிந்த கார்டு, இனி எழுத விடாமல் வாசிக்க மட்டும் விடுகிறது. நகல் எடுத்துக்கொண்டு கார்டைத் தூக்கிப் போடுங்கள்.

அந்த 16 ஜி.பி. கார்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது, லாக் கீழே தள்ளியபடி. ஃபோட்டோரெக் கம்ப்யூட்டர் லேப்பில் கடைசி வரிசை சிஸ்டத்தில் போட்டு வைத்திருக்கிறோம். மீட்டுப் பழக விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் வந்து கார்டை வாங்கிக்கொள்ளலாம். நகல் எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். 192 வந்தால் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.