நீருள் மறைந்த நகரும் நிலப்படமும்

நிலத்தின் ஏற்றத் தாழ்வுகளையும் ஆறு, வழி, ஊர் என்பவற்றையும் ஒருங்கே காட்டுவது இடவிளக்கப்படம். ஓரங்குலம் ஒரு மைலைக் குறிக்கும் அளவுத்திட்டத்தில் இலங்கை முழுவதையும் படமாக்கும் பணியை நில அளவைத் திணைக்களத்தார் 1897இல் தொடங்கி 1924இல் நிறைவு செய்தனர். 72 தாள்கள் கொண்ட அத்தொகுதியில், சிவனொளிபாதமலைச் சாரலையும் மஸ்கெலியாப் பள்ளத்தாக்கையும் காட்டும் பகுதியை ஈண்டு நோக்குவாம்.

கடல்மட்டத்திலிருந்து ஒத்த உயரமுள்ள இடங்களை இணைப்பது சமவுயரக்கோடு. கோடுகள் நெருங்கின் சரிவு கடிது, விலகின் மெலிது. அவை உயர்நிலம் நோக்கி மடிந்து செல்லின் பள்ளத்தாக்கு. தாழ்நிலம் நோக்கி மடிந்து வரின் மலையின் கிளை.

ஏறத்தாழ 7,360 அடி உயர்ந்த சிவனொளிபாதமலையைச் சூழ்ந்து இக்கோடுகள் நெருங்கி நிற்கின்றன. கீழே, மஸ்கெலியா ஓயாவின் மருங்கில் அவை விலகுகின்றன. அவ்விடத்திலேதான் பழைய மஸ்கெலியா நகர் அமைந்தது. மலைநாட்டிற் சமதரை அரிது. ஆதலின் கடைத்தெருவும் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் அங்கே கூடின. சூழ்ந்த சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள் பரந்தன.

நீரைத் தேக்குவதற்கும் அத்தகைய நிலமே உகந்தது. அகன்ற பள்ளத்தாக்கு ஒடுங்குமிடத்தில் அணையிட்டால், குறுகிய அணையே பெருநீரைத் தாங்கும். மின்வலி பெறும் பொருட்டு 1969ஆம் ஆண்டளவில் மவுசாகலை நீர்த்தேக்கம் அமைந்தது. பழைய நகர் நீருள் ஆழ, மேட்டுநிலத்திற் புதிய மஸ்கெலியா எழுந்தது.

இங்கே மாணவர் கருத வேண்டுவது ஒன்றுண்டு. நிலைநீர் எங்கும் ஒரே மட்டத்தில் நிற்பது. ஆகவே நிறைந்த தேக்கத்தின் கரையும் ஒரு சமவுயரக்கோடேயாம். அணையின் நீர்மட்டம் இத்துணை அடி எனத் தெரிந்தால், எத்தெரு மூழ்கும், எத்தோட்டம் தப்பும் என்பதைப் பழைய படத்தைக் கொண்டே முன்னரறியலாம். படம் வாசிக்க அறியாதவர், தம் வீட்டின் கதியைப் பிறர் சொல்லியே அறிதல் வேண்டும். நிலப்படப் பயிற்சி பரீட்சைக்கு மட்டும் உரியதன்று என யாம் வற்புறுத்துவது இது பற்றியே.

கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய கோயிலின் எச்சங்கள் வெளிப்படுவதுண்டு. அவை நின்ற தெருவின் போக்கை அறியப் பழைய தாளே துணையாகும். புதிய தாள்கள் வந்துவிட்டன என்று பழையவற்றைக் கழித்தல் தகாது. 1:50,000 அளவுத்திட்டத்திலமைந்த பிற்காலத் தாளையும் அதனையும் அருகருகே வைத்து மாணவர் ஒப்புநோக்குவாராக. பின்னர்த் தத்தம் ஊர்த் தாள்களையும் அவ்வாறே ஆராய்வாராக.